தளபதியைக் கண்டால் என்ன கேட்பீர்கள்?



நாட்டின் முப்படைகளுக்கும் மேலே இருக்கும் அதிகாரி ஒருநாள் உங்கள் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்து, "பாதுகாப்பைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். தேநீர் கொடுத்தாயிற்று. சத்தம் போடும் பிள்ளைகளை உள்ளே அனுப்பியாயிற்று. இப்போது நீங்கள் என்ன கேட்பீர்கள்?

"இதெல்லாம் ஆண்கள் கேட்க வேண்டியதல்லவா?" என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நழுவிவிடாதீர்கள். இந்த நாட்டின் யுத்தத்தில் இளவயதில் கணவனை இழந்து நின்றவர்கள் யார்? அகதி முகாமில் நிவாரண அரிசியை அளந்து அளந்து உலை வைத்தவர்கள் யார்? சென்றியில் பேக்கைத் திறந்து காட்டி, பிள்ளையின் பால்மா டின்னையும் திறந்து காட்டியவர்கள் யார்? கேட்பதற்கு உங்களைவிட உரிமை உள்ளவர் வேறு எவருமில்லை.

சரி, துணிந்து கேட்கிறோம் என்றாலும் நம்மில் அநேகர் கேட்கக்கூடியது, "நாடு பாதுகாப்பாக இருக்கிறதா, சேர்?" என்பதுதான். அவரும் "ஆம், பாதுகாப்பாக இருக்கிறது" என்பார். தேநீர் ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு இந்த யோசனை வந்த இடம் கொடிகாமம் சந்தி. தெற்கிலிருந்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். ஆனையிறவு, பளை, முகமாலை, மிருசுவில் எல்லாம் கடந்த பிறகு வருவது கொடிகாமம். பருத்தித்துறைக்குப் போகும் வீதி அங்கேதான் பிரிகிறது. சந்தையில் தென்மராட்சித் தேங்காய் மலைபோலக் குவிந்திருக்கும். யுத்தத்தால் 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில், 2014 ஒக்டோபரில் திரும்ப ஓடத் தொடங்கியபோது இந்தச் சிறிய ஊருக்கும் மீண்டும் ஒரு நிலையம் கிடைத்தது. பக்கத்தில் படைமுகாமும் உண்டு. வடக்கில் எந்த ஊரைச் சொன்னாலும் இந்த வாக்கியத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2025ஆம் ஆண்டின் ஆரம்பத்தில், தேங்காய் விலை எல்லோருடைய வாயிலும் அடிபட்ட நேரம், பருத்தித்துறை பஸ்ஸுக்காக அங்கே காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு வயோதிப அம்மா தேங்காய்களைச் சோடி சோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார். என் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு, "தம்பி மௌலவியோ, வாத்தியாரோ?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். பேச்சு வளர்ந்தது. அவருடைய சொந்த ஊர் வலிகாமம் வடக்கு. 1990இல் குண்டுவீச்சுக்கும் ஷெல்லுக்கும் பயந்து குடும்பத்தோடு வெளியேறியவர். சில இடங்களில் இருந்துவிட்டு, 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்கு வந்து, தங்கையின் காணியில் ஒரு மூலையில் தங்கிவிட்டார். தன் காணி உறுதியைப் பொலித்தீன் உறையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். காணி இருந்த இடம் உயர்பாதுகாப்பு வலயமாகிவிட்டது.

"தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். பெரிய ஆக்களைக் காணக்கூடும். நான் அந்தப் பெரிய தளபதியைக் கண்டனெண்டால் காணியைத் தருவியளோ எண்டு கேக்க மாட்டன். முப்பத்தஞ்சு வருசமா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறம். அவையும் 'தருவம்' எண்டுதான் சொல்லுகினம். நான் 'எப்ப?' எண்டு கேப்பன்."

சகோதரிகளே, நான் வகுப்பறையில் நிற்கிறவன். பாடம் விளங்கிவிட்டதா இல்லையா என்பதைப் பிள்ளைகள் சொல்லும் பதிலைவிட அவர்கள் கேட்கும் கேள்வியில்தான் நான் கண்டுபிடிப்பது. அந்த அம்மாவின் ஒரு சொல் கேள்விக்கு முன்னால் நமது "நாடு பாதுகாப்பாக இருக்கிறதா?" எவ்வளவு வெறுமையாக நிற்கிறது பாருங்கள்! "எப்போது" என்று கேட்டால் ஒரு திகதி சொல்ல வேண்டும். திகதி சொன்னால் அந்த நாள் வரும். வந்தால் நடந்ததா இல்லையா என்று தெருவில் நின்று பார்க்கலாம். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்றே எண்ணிக்கொண்டேன்.

இன்னொன்றையும் எண்ணினேன். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கு இரண்டு கிழமை முன்பே விரட்டப்பட்டிருந்தார்கள். சரியாக ஐந்து வருடங்கள் கழித்து அதே ஒக்டோபர் 30இல், 1995இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். இவ்விதழை வாசிக்கும் சகோதரிகளில் பலர் முதல் வரிசையில் நடந்தவர்கள். அந்த அம்மா இரண்டாவது வரிசையில் நடந்தவர். இரண்டு வரிசையிலும் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நடந்தார்கள். "பாதுகாப்பு" என்ற சொல்லுக்கு இவர்கள் கேட்கும் விளக்கமும் கொழும்பில் கூட்டம் கூட்டிப் பேசுவோரின் விளக்கமும் எப்படி ஒன்றாகும்?

இனி, நாம் கேட்கப் போகும் ஆள் யார் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். அரசியலமைப்பின்படி முப்படைகளின் தலைவர் ஜனாதிபதி. அவருக்குக் கீழே தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனித் தளபதிகள். மூன்றையும் இணைத்துப் பார்க்கும் பதவிக்குப் பாதுகாப்புப் படைகளின் பிரதானி என்று பெயர். 2009ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இப்பதவியை ஒழுங்குபடுத்துகிறது. மூலோபாயத் திட்டங்களுக்கு உதவுவதும், படைகளுக்கிடையே புலனாய்வு விடயங்களை ஒருங்கிணைப்பதும் அவருடைய வேலையில் அடங்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் எதைக் கேட்டாலும் "அது அரசாங்கத்தின் முடிவு, நான் கட்டளையை நிறைவேற்றுபவன்" என்று அவர் சொல்ல இடமிருக்கிறது. அது நியாயமான பதிலும்கூட. சீருடை அணிந்தவர் நாட்டின் கொள்கையைத் தீர்மானிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தானும் பர்மாவும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. ஆனால் அந்தப் பதிலோடு நாம் எழுந்துவிட வேண்டியதில்லை. "அரசாங்கம் முடிவெடுக்குமுன் உங்களிடம் அபிப்பிராயம் கேட்டதா? நீங்கள் எத்தனை பேர் போதும் என்று நினைத்தீர்கள்?" என்று கேட்கலாமே! அமெரிக்காவில் 2021 செப்டெம்பரில் அந்நாட்டுக் கூட்டுப்படைத் தலைவர் ஜெனரல் மார்க் மில்லியைச் செனட் குழு பகிரங்கமாக அமர்த்தி, ஆப்கானிஸ்தான் வெளியேற்றம் பற்றித் துருவித் துருவிக் கேட்டது. ஜனாதிபதிக்கு அந்தரங்கமாகச் சொன்ன ஆலோசனையை வெளியிட அவர் மறுத்தார். ஆனால் 2,500 படையினர் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது தமது சொந்தக் கருத்து என்பதை ஒளிக்கவில்லை. அந்நாட்டின் யுத்தங்களைப் பற்றி நமக்குள்ள மனத்தாங்கல் வேறு. கேள்வி கேட்கும் அந்த ஏற்பாட்டை மட்டும் பாருங்கள்.

நமது வரலாற்று நூல்களிலும் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. எல்லோருக்கும் ஒரு துண்டுத் துணி பங்கிடப்பட்டபோது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் உடையில் மட்டும் கூடுதல் துணி எப்படி வந்தது என்று, அவர் மக்கள் முன் பேச எழுந்த வேளையிலேயே கேட்கப்பட்டது. அவர் கோபிக்கவில்லை. மகன் எழுந்து தன் பங்கைத் தகப்பனுக்குக் கொடுத்ததாகக் கணக்குச் சொன்ன பிறகுதான் பேச்சுத் தொடர்ந்தது. பொதுப்பணத்தின் ஒரு முழத் துணிக்கே கணக்குக் கேட்கலாம் என்றால், பல நூறு பில்லியனுக்குக் கேட்கக் கூடாதா?

ஆகவே பணத்தையும் ஆட்தொகையையும் முதலில் எடுப்போம். 2023 ஜனவரியில் அரசாங்கமே ஓர் அறிவித்தல் செய்தது. தரைப்படையின் அனுமதிக்கப்பட்ட ஆளணி 200,783. அதை 2024ஆம் ஆண்டுக்குள் 135,000 ஆகவும், 2030ஆம் ஆண்டுக்குள் 100,000 ஆகவும் குறைப்பது என்பதே அது. 2024இல் வந்த புதிய அரசின் பாதுகாப்புத் தரப்பும் 2030க்கு அதே ஓர் இலட்சத்தைத்தான் சொன்னது. 67 மில்லியனுக்கும் அதிகமான மக்கள் வாழும் பிரித்தானியா தன் நிரந்தரத் தரைப்படையை 72,500 வரை குறைக்கலாம் என்று 2021இல் தீர்மானித்தது. சுமார் 22 மில்லியன் மக்களைக் கொண்ட நமது தீவுக்கு, யுத்தம் முடிந்து இருபத்தொரு வருடங்கள் கழித்தும் ஓர் இலட்சம்! கொஸ்தாரிக்கா என்ற சிறிய நாடு 1948இல் படையையே கலைத்துவிட்டு வாழ்கிறது. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆகவே, "ஏன் இவ்வளவு பேர்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "ஓர் இலட்சம் என்ற எண்ணுக்கு எப்படி வந்தீர்கள்? எந்த எதிரியை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டீர்கள்? அந்த ஓர் இலட்சத்தில் வட மாகாணத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். கடல் சூழ்ந்த நாட்டுக்கு வெளியிலிருந்து ஆபத்து வந்தால் அது கடலாலும் வானாலும்தான் வரும். அப்படியிருக்கப் படையில் மிகப் பெரும்பகுதி தரைப்படை என்றால் அது யாரை நோக்கி நிற்கிறது என்ற சந்தேகம் கொடிகாமத்துச் சந்தையில் தேங்காய் விற்கும் பெண்ணுக்கு வராமல் இருக்குமா? தளபதியிடம் நியாயமான விளக்கம் இருக்கலாம். இருந்தால் அவர் வாயால் சொல்லட்டும்.

பணக்கணக்கு இல்லத்தரசிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 539 பில்லியன் ரூபா. சுகாதாரத்துக்கு 322 பில்லியன். கல்விக்கு 232 பில்லியன். அதுவும் எந்த வருடத்தில்? மருந்தில்லாமல் ஆஸ்பத்திரிகள் தவித்த 2022க்கு அடுத்த வருடத்தில்! 2025இல் பாதுகாப்பு அமைச்சுக்கு மட்டும் 442 பில்லியன் ஒதுக்கப்பட்டது. இதில் பெரும்பகுதி சம்பளம், உணவு, எரிபொருள் என்று அன்றாடச் செலவுக்கே போகிறது.

இன்னுமொரு கணக்கு. 2021இல் ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றோடு 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தமானது. வடக்கில் "கிபிர்" என்ற சொல்லைக் கேட்டாலே பங்கருக்குள் ஓடிய நினைவு வரும் தாய்மார் இருக்கிறார்கள். அடுத்த வருடம் 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஒரு காஸ் சிலிண்டருக்காக நீங்கள் விடியற்காலையில் வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு நின்றீர்களே, அந்தக் காஸ் கப்பலுக்கும் டொலர்தான் தேவைப்பட்டது. "அந்த விமானங்களைப் புதுப்பித்துப் பறக்கவிடும் தேவை என்ன, அது எந்த ஆபத்துக்கு?" என்று கேட்பதற்கு விமானத்தைப் பற்றித் தெரிந்திருக்கத் தேவையில்லை. வரிசையில் நின்ற கால்வலி போதும்.

காணிக்கு வருவோம். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை நிரந்தரமாகச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். அதன்பின் கட்டம் கட்டமாக நிலம் விடப்பட்டது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் திறந்தது. 2024 நவம்பர் முதலாம் திகதி அச்சுவேலிப் பக்கமிருந்து பலாலிக்குப் போகும் வீதி முப்பத்துநான்கு வருடங்களின் பின் திறக்கப்பட்டது. நான் கொடிகாமத்தில் அந்த அம்மாவைக் கண்ட சில மாதங்களில், 2025 ஏப்ரலில், பலாலி வீதியின் மூடியிருந்த பகுதியும் திறந்தது. அல்ஹம்துலில்லாஹ், நல்ல செய்திதான். ஆனால் வீதி திறந்ததும் வேலிக்குப் பின்னால் தெரியும் தன் வளவைப் பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருப்பது இன்னொரு விதமான வேதனை! அருகில் காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் "தல்செவன" விடுமுறை விடுதியில் காசு கொடுத்தால் யாரும் தங்கலாம். "விடுமுறை விடுதி பாதுகாப்புத் தேவையா, சேர்?" என்பது எந்த இராணுவ இரகசியத்தையும் தொடாத கேள்வி.

பெண்கள் கேட்டுப் பலன் கண்ட இடமும் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவில் பிலக்குடியிருப்புப் பெண்கள் 2017 ஜனவரி இறுதியில் விமானப்படை முகாமின் வாசலுக்கு எதிரே பாயை விரித்து உட்கார்ந்தார்கள். வெயில், பனி, கைக்குழந்தை எல்லாவற்றோடும் ஒரு மாதம். மார்ச் முதலாம் திகதி வாசல் திறந்தது. அவர்களில் ஒருவருக்கும் பாதுகாப்புக் கல்வி கிடையாது. எது தங்கள் கிணறு, எது தங்கள் மாமரம் என்று மட்டும் விரலால் சுட்டிக்காட்டத் தெரிந்திருந்தது.

இனி நம் சமூகத்தின் புண்ணைத் தொடும் கேள்வி. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கொன்றவர்கள் நம் பெயரைச் சுமந்தவர்கள். அந்த வெட்கமும் துக்கமும் நமக்குண்டு. ஆனால் அந்தக் கும்பலைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே பல காலத்துக்கு முன் முறைப்பாடு செய்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்திருந்தது. பதினேழு நாட்கள்! 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாவும், அன்றைய பாதுகாப்புச் செயலாளர், பொலிஸ் மாஅதிபர், புலனாய்வு அதிகாரிகள் முதலியோர் வெவ்வேறு தொகைகளும் நட்டஈடாகச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இரண்டு இலட்சம் பேர் கொண்ட படை அன்றும் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு காகிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகாததைத் துப்பாக்கி ஏந்தியவர்களின் எண்ணிக்கை ஈடுசெய்யவில்லை.

ஆகவே புலனாய்வை ஒருங்கிணைக்கும் அதிகாரியிடம் இப்படிக் கேட்கலாம்: "அப்படியொரு எச்சரிக்கை இன்றிரவு வந்தால் அது யார் கைக்கு வரும்? எத்தனை மணித்தியாலத்தில் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் செய்தி போகும்? ஒரு சாதாரண முஸ்லிம் தாய் தன் ஊரில் ஏதோ பிழை நடக்கிறது என்று கண்டால், தன்னையே சந்தேக நபராக்காமல் கேட்டுக்கொள்ளும் அதிகாரி யார்?"

அந்தத் தாக்குதலுக்குப் பிறகு நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. அபாயா அணிந்து ஆஸ்பத்திரிக்குப் போகவே நம் பெண்கள் தயங்கினார்கள். மே 13ஆம் திகதி வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வீட்டுக்குள்ளே இரு என்று ஊரடங்கில் அடங்கியிருந்தவர்களின் கதவைத்தான் கும்பல் வந்து உடைத்தது. "அவ்வாறான வேளையில் சந்தியில் நிற்கும் சிப்பாய்க்கு எழுத்திலுள்ள கட்டளை என்ன?" இதற்குத் தளபதி அரசைக் கைகாட்ட முடியாது. சிப்பாய்க்குக் கட்டளை போவது அவர்களிடமிருந்துதான்.

கொரோனாக் காலத்தில் நோய்த்தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்கு அன்றைய இராணுவத் தளபதியே தலைவர். தனிமைப்படுத்தல் நிலையங்களைப் படையினர் நடத்தினார்கள். கொடிகாமத்துக்கு அருகே விடத்தற்பளையிலும் ஒன்று இருந்தது. அங்கே அவர்கள் செய்த பணிவிடையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி இறுதிவரை நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. இருபது நாள் பாலகனையும் விட்டுவைக்கவில்லை. பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டு அழுதோம். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. எரிக்கச் சொன்னவர்கள் சுகாதாரத் தரப்பு என்பது சரி. நோயை யுத்தம் போல நடத்தியதில் ஜனாஸாவுக்கும் குடும்பத்துக்கும் நடுவே சீருடை வந்து நின்றது. "அடுத்த தொற்றுநோய் வந்தால் தலைமை நாற்காலியில் வைத்தியர் இருப்பாரா, நீங்கள் இருப்பீர்களா?" இதையும் கேட்க வேண்டும்.

மறுபுறம், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து அறுநூறுக்கும் அதிகமானோர் மாண்டபோது வெள்ளத்தில் இறங்கியவர்கள் அதே படையினர்தாம். சுண்டிக்குளத்தில் முகத்துவாரத்தை அகலமாக்கும் வேலையில் கடற்படையினர் ஐவர் உயிரிழந்தார்கள். லுணுவிலையில் நிவாரணப் பணியில் இருந்த ஹெலிகொப்டர் விழுந்து விமானி இறந்தார். அவர்களின் தாய்மார் அழுத அழுகைக்கு மொழி கிடையாது. இனி வரும் ஆபத்துகள் பெரும்பாலும் மழையாகவும் மண்சரிவாகவும் வரும் என்றால், படகும் ஹெலிகொப்டரும் மீட்புப் பயிற்சியும் அந்த 442 பில்லியனில் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன? முன்னுரிமை என்பதன் பொருளே இதுதானே.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. இழுவைமடி மீன்பிடியை நாம் 2017இல் சட்டத்தால் தடைசெய்தோம். ஆயினும் இந்திய இழுவைப் படகுகள் வடகடலை வாரிக்கொண்டு போவது நிற்கவில்லை என்பதை மயிலிட்டி, பருத்தித்துறைப் பெண்கள் தங்கள் சட்டியிலேயே அறிவார்கள். போதைப்பொருளும் கடலால்தான் வருகிறது. கரையில் இத்தனை முகாம், கடலில் எத்தனை ரோந்து?

கொடிகாமத்திலிருந்து தெற்கே போனால் முகமாலை. 2006 ஆகஸ்ட் 11இல் ஏ9 பாதை மூடப்பட்டதும் அங்கேதான். நாட்டிலேயே மிக நெருக்கமாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட நிலங்களில் அது ஒன்று. அதைக் கிளறி எடுப்போரில் பெண்களும் இருக்கிறார்கள். கவச அங்கியும் முகக்கவசமும் அணிந்து, வெயிலில் முழங்காலில் நின்று, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டும் அவர்களில் யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும் உண்டு. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கும் கெடு 2028 ஜூன். இராணுவத்துக்கும் இதற்கென ஒரு பிரிவு உண்டு. தொண்டு நிறுவனங்களின் வேலையோ பெரும்பாலும் வெளிநாட்டு உதவியில் நடக்கிறது. கெடு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. "முடியுமா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை ஏக்கர் மீதி, நம் பணத்தில் இதற்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

முகமாலைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் மிருசுவில். 2000ஆம் ஆண்டு தென்மராட்சி யுத்தத்தில் நொறுங்கி மக்கள் வெளியேறியிருந்த வேளை, உடுப்பிட்டியில் தங்கியிருந்த சிலர் தங்கள் வீடு வளவைப் பார்க்க மிருசுவிலுக்குப் போனார்கள். டிசம்பர் 19ஆம் திகதி. எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று. இராணுவத்தின் ஸ்டாப் சார்ஜன்ட் ஒருவருக்கு 2015இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் நாடே கொரோனாப் பயத்தில் வீட்டுக்குள் இருந்தபோது ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு வழங்கியது தளபதி அல்லர். ஆகவே அதை அவரிடம் கேட்டுப் பயனில்லை. ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அவரிடம் கேட்க வேறொன்று இருக்கிறது. "உங்கள் பயிற்சிக் கல்லூரிகளில் இந்த வழக்கைப் பாடமாகப் படிப்பிக்கிறீர்களா?" ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். நான் கேட்க விரும்பும் எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் அவர் முகத்தைக் கூர்ந்து பார்ப்பேன்.

கடைசியாகச் சிப்பாயின் தாய்க்காகவும் கேட்க வேண்டும். அநுராதபுரத்திலும் மொனராகலையிலும் வறுமையால் படைக்குப் பிள்ளையைக் கொடுத்த சிங்களத் தாய்மார் பல்லாயிரம். 2024 ஏப்ரல் – மே மாதங்களில் பொதுமன்னிப்புக் காலம் அறிவித்தபோது, படையை விட்டு ஓடியிருந்த 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முறைப்படி விலகிக்கொண்டார்கள். அதே வருடம் மே மாதம், ரஷ்ய உக்ரேன் யுத்தத்தில் கூலிக்குப் போன நம் முன்னாள் படையினர் குறைந்தது பதினாறு பேர் இறந்ததாகப் பாதுகாப்பு அமைச்சு சொன்னது. ஆளணியைக் குறைப்பது நல்லது. குறைக்கப்படும் இளைஞன் மேசனாக, எலெக்ட்ரீஷியனாக வீட்டுக்குப் போகிறானா, துப்பாக்கி மட்டும் தெரிந்தவனாகப் போகிறானா? "விலகுகிறவனுக்கு என்ன தொழிற்பயிற்சி, எத்தனை மாதம்?"

"இதெல்லாம் கேட்க அவர் நம் விறாந்தைக்கு வரப்போகிறாரா, மௌலவி?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வரமாட்டார். நாம் எழுதலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரஜை எவரும் எந்த அரச அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. நாட்டின் பாதுகாப்புக்குக் குந்தகமானதைத் தர மறுக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே படை நகர்வையும் ஆயுதக் கிடங்கையும் கேட்காதீர்கள். ஏக்கர், ரூபா, திகதி இவற்றைக் கேளுங்கள்.

கொடிகாமத்தில் அன்று இதைத்தான் அந்த அம்மாவுக்குச் சொன்னேன். என் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, தெல்லிப்பழை பிரதேச செயலகத்துக்கு ஒன்று, பாதுகாப்பு அமைச்சுக்கு ஒன்று என இரண்டு மாதிரி எழுதிக் கொடுத்தேன்.

"தமிழிலை எழுதினால் எடுப்பினமோ?"

"எடுக்கத்தான் வேண்டும் அம்மா."

"எவ்வளவு காசு கட்டோணும்?"

"விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. பதிவுத் தபாலில் போட்டு, துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள்."

வாசித்துக் காட்டச் சொன்னார். 'எனது காணி எப்போது விடுவிக்கப்படும்' என்ற வரி வந்ததும், அதை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகு தாளை நாலாக மடித்து உறுதியோடு அந்தப் பொலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டார். பேரனைக் கொண்டு நல்ல எழுத்தில் எழுதுவிப்பாராம்.

பருத்தித்துறை பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவனைக் கூப்பிட்டு, இரண்டு தேங்காயைப் பையில் வைத்தார். காசை நீட்டினேன். வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.